மூன்றாம் மாடிக்கு ஏறிய தேக்குக் கட்டில்

பூவம்மா இருபத்திரண்டு வருஷமாக ஒரு கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வளர்ந்த குடும்பத்துக் கட்டில் அது. தெற்கே உடன்குடிப் பக்கமிருந்து வந்து, கடை வைத்து, மாடிமேல் மாடி எடுத்தவர்கள். வீட்டுக்காரம்மா பெயர் தேவப்பிரியம். கட்டில் அவளுடைய மாமனாருடையது. மனிதர் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. தேவப்பிரியத்தின் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். மேல்மாடியில் நாலு அறைகள் இருக்கின்றன, மூன்று பூட்டியே கிடக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் பூவம்மா பூட்டைத் திறந்து, யாரும் மிதிக்காத தரையைப் பெருக்கி, யாரும் படுக்காத கட்டிலைத் துடைத்து, திரும்பப் பூட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். தூசி ஒன்றுதான் அங்கே கை காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருந்தது.

பூவம்மாவின் வீடு காசிமேட்டுக்கு மேற்கே, சரக்கு ரயில் போகிற தண்டவாளத்தை ஒட்டிய ஹவுசிங் போர்டு கட்டடத்தில், மூன்றாம் மாடி. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே அறை. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் படுகிற அடுப்பங்கரை. கக்கூசும் குளியலும் ஒன்றாக ஒரு மூலை. குடிசைகள் எரிந்துபோன வருஷம், பூவம்மாவின் மாமனார் ராசகண்ணு பேருக்கு ஒதுக்கிய வீடு அது. ராசகண்ணுவுக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவள் எண்ணூரில் வாழ்க்கைப்பட்டாள், அடுத்தவள் வியாசர்பாடியில். மூன்றாமவன் மணலிக்குப் போய் டேங்கர் லாரி ஓட்டினான். நாலாமவன் மாமியார் வீட்டோடு தங்கிவிட்டான். கடைக்குட்டிக்குப் பெயரே சின்னப்பையன்; அவன்தான் பூவம்மாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றவன். அந்த ஒற்றை அறையிலிருந்து ஆறு கல்யாணங்கள் புறப்பட்டிருக்கின்றன, மூன்று பாடைகள் இறங்கியிருக்கின்றன, ஒன்பது குழந்தைகளுக்குத் தூளி கட்டியிருக்கிறார்கள். தூளி கட்டிய இரும்புக் கொக்கி இன்னும் மேலே தொங்குகிறது.

மகன் வல்லரசு திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. அவனுக்குக் கார்குழலியைக் கட்டிவைத்த அன்று வீட்டில் இடம் மாறியது. புது ஜோடிக்கு அடுப்பங்கரை. பாத்திரங்களை ஓரங்கட்டிவிட்டுப் பாய் போட்டால் இரண்டு பேர் படுக்கலாம், மூன்றாவதாக ஒரு தலையணைகூட நுழையாது. பூவம்மாவும் பதினொன்றாவது படிக்கிற மகள் அங்கவையும் அறையில். அறை அவர்களுக்குப் போதாதா என்று கேட்பீர்கள். பீரோ, தையல் மிஷின், தண்ணீர்க் குடம் எட்டு, வல்லரசின் வண்டி உதிரிச் சாமான் என்று பாதி அறையை ஏற்கெனவே வேறு ஆட்கள் பிடித்துவைத்திருந்தார்கள். மீதியிலே உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் சின்னப்பையன் வெளியே போக வேண்டும். அவன் வெளியே போய்ப் போய், கடைசியில் வெளியிலேயே படுத்துக்கொண்டான். வெயில் காலத்தில் மொட்டைமாடி, பனிக்காலத்தில் வீட்டு வாசல் நடை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் கோதுமை மூட்டைமேல் படுத்திருக்கிறான், கப்பல் வர நேரமானால் கிரேன் நிழலில் படுத்திருக்கிறான். படுக்கிற இடத்தைப் பற்றி அவன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

போன ஐப்பசியில் மொட்டைமாடியில் படுத்திருந்தவன்மேல் மழை பிடித்துக்கொண்டது. பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு படி இறங்கினான். பாசிப் படி. இடுப்பெலும்பு போயிற்று.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற நாள் நெருங்கியபோது, காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் பூவம்மாவை நிறுத்திவைத்துச் சொன்னாள்: "தரையில படுக்கவே கூடாது. குந்தக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. கட்டில்லேர்ந்து அவரே எழுந்து, அவரே நடக்கணும், தெனம் நாலஞ்சு தடவ. படுத்தே கெடந்தார்னா அப்புறம் எழுந்திருக்க மாட்டார். கட்டில் இருக்குல்ல?"

"கீதும்மா" என்றாள் பூவம்மா. பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த கட்டில் ஒன்றுதான். அது இருக்கத்தானே செய்தது!

மறுநாள் காலை பாத்திரம் துலக்கி முடித்து, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு தேவப்பிரியத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, மேல ரூம்ல அந்தக் கட்டிலு சொம்மாதானே கீது?"

"சும்மாவா? அது எங்க மாமா கட்டிலுல்லா" என்றாள் தேவப்பிரியம். ஐம்பது வருஷம் ராயபுரத்தில் குடியிருந்தும் அவள் பேச்சு உடன்குடியை விட்டு நகரவில்லை. "ஏன், என்ன விசயம்?"

பூவம்மா சொன்னாள். தேவப்பிரியம் காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துவைத்தாள்.

"எத்தன நாளைக்கு?"

"அவுரு நடக்கற வரிக்கும்மா."

"எடுத்துட்டுப் போ. வித்துரப்பிடாது, கேட்டியா? அவன் எந்திச்சதும் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துரணும்."

மீன்பாடி வண்டியில் கட்டில் வந்து சேர்ந்தது. கால்களைக் கழற்றலாம், சட்டத்தைக் கழற்றலாம். தலைமாட்டுப் பலகை மட்டும் ஒரே தேக்கில் செதுக்கிய பூவேலை. மூன்றடி உயரம், ஐந்தடி அகலம். போர்டு கட்டடத்துப் படிக்கட்டு முதல் திருப்பத்திலேயே அதை வரவேண்டாம் என்றுவிட்டது. சின்னப்பையனோடு மூட்டை தூக்கிய தீனாவும் இன்னும் மூன்று கிழவர்களும் மொட்டைமாடியிலிருந்து கயிறு விட்டார்கள். துறைமுகத்தில் பாரம் மேலே போக 'ஹபீஸ்' என்பார்கள், கீழே இறங்க 'ஆரியா' என்பார்கள். எந்தத் தேசத்துப் பேச்சோ, அவர்கள் அப்பன் காலத்திலிருந்து அதுதான்.

"ஹபீஸ்! ஹபீஸ்! சுவத்துல இடிக்காதடா மாமு, தேக்கு!"

ஒவ்வொரு மாடி நடையிலும் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் மாடி சாபிரா கத்தினாள்: "இன்னா பூவக்கா, பொண்ணு அழைப்பா?"

"உன் மாமியாரத்தான் தூக்கினு வராங்க. வழிய வுடு!"

கட்டிலை மாட்டி முடித்ததும் எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஆறரையடிக்கு ஐந்தடி. அறை நிரம்பிவிட்டது. பூவம்மாவும் அங்கவையும் எங்கே படுப்பது?

இதற்கு அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே கட்டில் வாங்குகிறவர்கள் முதலில் கல் வாங்குவார்கள். நாலு காலுக்கும் கல் கொடுத்து உயர்த்திவிட்டால் கட்டிலுக்கு அடியில் இன்னொரு அறை கிடைத்துவிடும். அரிசி டப்பா வைப்பார்கள், பிள்ளைகளைப் படுக்கவைப்பார்கள். வல்லரசு காலுக்கு இரண்டாக எட்டு ஹாலோ பிளாக் கல் கொண்டுவந்தான். அங்கவை அடியில் நுழைந்து நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். தலை இடிக்கவில்லை.

"அண்ணா, இது பர்ஸ்ட் கிளாஸு!"

பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினாள். கொக்கியிலிருந்து ஒயர் இழுத்துச் சின்ன பல்பு போட்டாள். புத்தகத்தை அடுக்கி, அம்மாவின் பாய்க்கும் இடம் விட்டாள். பிறந்து பதினாறு வருஷத்தில், "கொஞ்சம் அந்தாண்ட போங்க" என்று யாரிடமும் சொல்லாமல் அன்றைக்குத்தான் உடுப்பு மாற்றினாள்.

சின்னப்பையனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலில் ஏற்றிவிட்டதும் அவன் சுற்றிலும் பார்த்தான். பீரோவின் தலை அவனுக்குக் கண்மட்டத்தில் இருந்தது.

"கப்பல் தளத்துமேல குந்திக்கினு கீறா மாரி கீதே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கால் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பத்து நாள் போயிற்று. பூவம்மா விடியற்காலை லாரித் தண்ணீர் பிடித்து, சமைத்து, அவன் கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். குடக் கணக்கில் தண்ணீர் பிடித்து வாழ்கிறவள் அவள். எந்தக் குடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வாள். பதினோராம் நாள் மத்தியானம் வந்து பாட்டிலைப் பார்த்தாள். காலையில் வைத்த மட்டத்திலேயே இருந்தது. அவன் உதட்டைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

"இன்னாய்யா, தண்ணி அப்டியே கீது?"

"தாகம் இல்லமே."

"மண்டயப் பொளக்கற மத்தியான வெயிலு, இவுருக்குத் தாகம் இல்லியாம். நேத்து?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முந்தாநேத்து?"

"குடிச்சா எறங்கணும் இல்ல?" என்றான் கடைசியில். "வல்லரசு சாயங்காலந்தான் வர்றான். நீ வேலைக்குப் பூடற. மருமவப் பொண்ணக் கூப்ட்டு, எம்மா, மாமனாரத் தூக்கி எறக்குன்னு சொல்லவா? என் வாயில வருமா அது?"

பூவம்மா அப்போதுதான் அவன் காலைப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பாதங்கள் தரைக்கு மேலே ஒன்றரையடி உயரத்தில் தொங்கின. அவன் தானாக இறங்கத்தான் அந்தக் கட்டில் வந்தது. அவனை மேலே ஏற்றிவைத்துவிட்டு ஏணியை எடுத்தது போலல்லவா ஆகியிருக்கிறது! பத்து நாளில் அவன் ஒரு தடவைகூடத் தானாக எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பெண் சொன்னது பூவம்மாவுக்குக் காதில் கேட்டது.

"இத்த மொதல் நாளே சொல்றதுக்கு இன்னா?"

"கீய புள்ள படிச்சுக்கினு கீது. திரையெல்லாம் கட்டி, லைட்டுப் போட்டு. நான் இன்னான்னு சொல்றது?" கையைத் தாழ்த்திக் காட்டினான். "ஆரியா சொல்லிடு, பூவு. எறக்கிடுங்க."

அங்கவை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பூவம்மா விஷயத்தைச் சொன்னாள். நல்ல பிள்ளைதான், ஆனாலும் பதினாறு வயது. பையைத் தரையில் எறிந்தாள்.

"எப்பவும் எனக்குத்தான் இல்லாம பூடும். அடுப்பங்கர அண்ணிக்கு, மாடி நைனாக்கு, எனக்குன்னு இன்னா கீது இந்த வூட்ல?"

சின்னப்பையன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அங்கவை திரைக்குள் போய் உட்கார்ந்தாள். சற்று நேரம் பல்பு எரிந்தது. பிறகு அவளே அணைத்துவிட்டு, புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ள ஆரம்பித்தாள். பாதி தள்ளியவள் தலையை மட்டும் நீட்டினாள்.

"யம்மா, அடில இல்லாங்காட்டி மேல?"

"மேல இன்னாடி கீது, கூரதான் கீது."

"ரயில்ல எப்டி படுக்கறாங்க? கீய ஒருத்தர், மேல ஒருத்தர். நைனா கீய, நான் மேல. ஆனா இம்மாம் அகலம் இன்னாத்துக்கு?"

சாபிராவின் புருஷன் தௌசீஃப் மரவேலை செய்கிறவன். அவனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கட்டிலைத் தட்டிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான்.

"அக்கா, நீளவாக்குல ரெண்டா அறுத்துட்டா ரெண்டரையடி ரெண்டரையடி வரும். அடுக்கிடலாம். அறையும் பாதி காலியாப் பூடும், நீங்க கீய தாராளமாப் படுக்கலாம். ஆனா நல்ல தேக்கு. அறுத்தா அறுத்ததுதான். கட்டிலு குடுத்தவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

பூவம்மா வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். இரவல் கட்டில். கேட்டால் தேவப்பிரியம் கூடாது என்பாள். கேட்காமல் செய்தால் திட்டுவாள், வேலையிலிருந்து நிறுத்தினாலும் நிறுத்துவாள். கேட்டு, அவள் கூடாது என்றபிறகும் செய்தால் அது துரோகம். கேட்காமல் செய்தால் தப்பு. தப்புக்கு அவள் காலில் விழுந்துகொள்ளலாம். உள்ளே பாட்டிலில் தண்ணீர் அந்த மட்டத்திலேயே இருந்தது.

"அறு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடையில் ரம்பச் சத்தம். மேல் தட்டைத் தாங்குவதற்கு வல்லரசு யார்டிலிருந்து கட்டைகள் வாங்கிவந்தான். கன்டெய்னருக்குள் சரக்கு ஆடாமல் முட்டுக் கொடுத்து வருகிற வெளிநாட்டுக் கட்டைகள், எடைக்குப் போடுவார்கள். அதில் ஏதோ ஊர் எழுத்தில் முத்திரை குத்தியிருந்தது. கீழே சின்னப்பையன், கல் இல்லாமல், கால் தரையில். மேலே அங்கவை, திரையும் கொக்கிப் பல்பும் சகிதம்.

மிஞ்சியது தலைமாட்டுப் பலகை. அதை அறுக்கத் தௌசீஃபுக்கே மனசு வரவில்லை. நடையில் சாத்திவைத்தால் போகிற வருகிறவர்கள் இடித்துக்கொண்டு திட்டினார்கள். உள்ளே சாத்த இடமில்லை. குளியலறைக் கதவோ தகரக் கதவு, துருவேறி அடிப்பாகம் உதிர்ந்துபோய், இரண்டு வருஷமாக ஒரு பிளாஸ்டிக் சாக்குதான் மானம் காத்துக்கொண்டிருந்தது. தௌசீஃப் பலகையை நெட்டுக்குத்தாகத் திருப்பி நிறுத்தி, இரண்டு ஓரத்திலும் பூவேலை போகாமல் இழைத்து, கீல் வைத்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு மாட்டிவிட்டான். செதுக்கிய தாமரையும் கொடியும் கக்கூஸ் வாசலில் வந்து நின்றன.

"கலீஜான எடத்துக்கு இன்னா கதவுடா!" என்று தீனா பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

பூவம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று ராயபுரத்துக்குப் போவாள், சொல்லாமல் திரும்புவாள். அவள் சொல்வதற்கு முன்னால் தேவப்பிரியமே ஒருநாள் வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. கையில் ஆப்பிள் பொட்டலம். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது.

"எப்பிடி இருக்கான் உன் வீட்டுக்காரன்? பார்க்காம இருந்தா நல்லாருக்குமான்னு வந்தேன். கட்டில் எங்க?"

பூவம்மா ஒதுங்கி வழி விட்டாள். "இதாம்மா" என்றாள்.

தேவப்பிரியம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கீழ்த் தட்டைப் பார்த்தாள். மேல் தட்டைப் பார்த்தாள். அறுத்த விளிம்பை விரலால் தடவினாள். உட்காருவதற்கு வேறு இடமில்லை. சின்னப்பையன் நகர்ந்துகொள்ள, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தாள்.

"மேல யாரு?"

"எம் பொண்ணும்மா. படிக்கறா."

கார்குழலி டீ போட்டுக்கொண்டு வந்தாள். தேவப்பிரியத்துக்குச் சர்க்கரை வியாதி, படி ஏறியதில் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "பாத்ரூம் எங்க?" என்று எழுந்தாள். பூவம்மா கையைக் காட்டினாள்.

தேவப்பிரியம் கதவின் முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு தாமரைமேல் கை வைத்துத் தள்ளி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தாள்.

"எங்க மாமா தலமாடு."

"ஆமாம்மா."

"அறுக்கதுக்கு முன்ன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா உனக்கு?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்கம்மா."

"சொல்லத்தான் செய்வேன்" என்றாள் தேவப்பிரியம். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "நீங்க எல்லாரும் எங்க படுக்கிய?"

பூவம்மா கையால் காட்டினாள். அடுப்பங்கரை, இரண்டு பேர். மேல் தட்டு, கீழ்த் தட்டு. தான் இங்கே, பீரோ ஓரமாக. காட்டி முடிக்க வெகுநேரம் ஆகவில்லை.

தேவப்பிரியம் டம்ளரை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "கதவுக்கு அடியில தண்ணி படுதுல்லா, ஊறிப் போவும். ஒரு தகரம் வச்சு அடிக்கச் சொல்லு." ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் பூவம்மாவிடம் வேலைப் பேச்சு தவிர ஒன்றும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல மேல்மாடிச் சாவியைக் கொடுத்தாள். கட்டில் இல்லாத அறையில் நாலு கால் தடம் தரையில் வெளுப்பாகத் தெரிந்தது. பூவம்மா பெருக்கினாள், துடைத்தாள். தடம் போகவில்லை. பூட்டிச் சாவியைக் கொடுத்தாள். தேவப்பிரியம் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கட்டிலைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, வைத்துக்கொள் என்று சொல்லவும் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை.

கதவுக்குத் தகரம் அடித்து நாலு நாள் ஆகியிருக்கும். காலை வேளை. வல்லரசு வேலைக்குப் போயிருந்தான். பூவம்மா அடுப்பங்கரையில் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். அறையில் கட்டில் முனகியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தடியின் சத்தம் தரையில் ஒரு தடவை, பிறகு ஒன்று. கார்குழலி எழுந்து ஓடப் பார்த்தாள். பூவம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

தடி நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு மறுபடி தடி. கதவு திறந்தது, மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூவு!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "பக்கெட்ல பொட்டுத் தண்ணி இல்லமே! இன்னா வூடு நடத்தற நீ?"

"தோ வர்றேன்யா, கத்தாதே!" என்றாள் பூவம்மா. நிறைகுடம் ஒன்றை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய், தாமரைக் கதவின் முன்னால் நின்றாள். அவன் தாழ்ப்பாளை நீக்கட்டும் என்று காத்திருந்தாள்.